மணலியில் கற்ற வெள்ளைக்கார வயலின்: பாலுஸ்வாமி தீட்சிதர் கதையும், பழைய ‘ஜி-டி-ஏ-இ’ சுருதி இன்னும் தேவையா என்ற கேள்வியும்

மணலி என்றதும் வடசென்னைக்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 1969-ல் ஓடத் தொடங்கிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, வரிசைகட்டி நிற்கும் டேங்கர் லாரிகள். எண்ணூர், மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி என்று வடக்கே நீளும் தொழிற்சாலைப் பட்டையின் தொடக்கம் இந்த ஊர். 2018-ல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்படும் வரை திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது.

ஆனா இதே மணலிக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. 200 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே தங்கியிருந்த ஒரு சிறுவன், வெள்ளைக்கார ஆசிரியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டான். அவன் பெயர் பாலுஸ்வாமி. பின்னாளில் பாலுஸ்வாமி தீட்சிதர். கர்நாடக சங்கீதத்துக்குள் வயலினைக் கொண்டுவந்தவர் என்ற பெருமை இவருக்குத்தான் சொல்லப்படுகிறது.

இன்றைக்கு பாடகருக்குப் பக்கத்தில் வயலின் இல்லாத கச்சேரியை யோசித்துப் பார்க்கக்கூட முடியாது. ஆனால் ஐரோப்பாவில் இருந்து வந்த வயலினும், சபா மேடையில் வாசிக்கப்படும் வயலினும் பார்க்க ஒன்றாக இருந்தாலும், நாலு கம்பிகளையும் மீட்டிப் பார்த்தால் வேறு வேறு ஸ்வரங்கள் கேட்கும். கம்பிகளுக்குச் சுருதி சேர்க்கும் முறையே மாறிவிட்டது. ஏன் மாறியது? அந்தப் பழைய முறைக்கு இன்னும் வேலை இருக்கிறதா?

யார் இந்த பாலுஸ்வாமி?

சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதரை எல்லோருக்கும் தெரியும். அவருடைய கடைசித் தம்பிதான் பாலுஸ்வாமி. பிறந்தது 1786-ல், திருவாரூரில். அண்ணன் முத்துஸ்வாமி 11 வயது மூத்தவர். நடுவில் சின்னஸ்வாமி என்று இன்னொரு அண்ணன், பாலாம்பாள் என்று ஒரு அக்கா.

அப்பா ராமஸ்வாமி தீட்சிதரும் சாதாரண ஆள் இல்லை. ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவர் என்று இசை உலகம் இன்றும் அவரைத்தான் சொல்கிறது. கச்சேரி தொடங்கும்போது ஒரு பிள்ளையார் பாட்டு வேணும் என்றால் பாதிப் பேர் ஹம்ஸத்வனிக்குத்தான் போவார்கள். அந்த அளவுக்கு நிலைத்துவிட்ட ராகம்.

இந்தக் குடும்பம் திருவாரூரை விட்டு மணலிக்கு வந்ததற்குக் காரணம் முத்துக்கிருஷ்ண முதலியார். கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாஷாக இருந்தவர். துபாஷ் என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. வெள்ளைக்காரர்களுக்கும் உள்ளூர் வியாபாரத்துக்கும் நடுவில் இருந்து எல்லாக் காரியத்தையும் முடித்துக் கொடுப்பவர். பணமும் செல்வாக்கும் குவிந்த பதவி அது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி சங்கீதத்துக்குப் போனது. ராமஸ்வாமி தீட்சிதர் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்து வரப்பட்டு ஆதரிக்கப்பட்டார்.

கோட்டையில் கேட்ட பேண்டு

முத்துக்கிருஷ்ண முதலியாருக்குப் பிறகு அவருடைய மகன் வெங்கடகிருஷ்ண முதலியார் அந்த இடத்துக்கு வந்தார். சின்னையா முதலியார் என்றும் அழைப்பார்கள். இவரும் கம்பெனியில் துபாஷ். தீட்சிதர் சகோதரர்களை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப் போய் வெள்ளைக்காரர்களின் இசையைக் கேட்க வைத்தவர் இவர்தான்.

மணலியில் இருந்து கோட்டை இன்றைய கணக்கில் சுமார் 15 கிலோமீட்டர். ஆனா இசையைப் பொறுத்தவரை அது வேறு உலகம். கோட்டையில் ராணுவ பேண்டு இருந்தது. நடன மெட்டுகள், அணிவகுப்பு மெட்டுகள், அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புற மெட்டுகள் என்று கப்பலில் வந்த சிப்பாய்களோடு சேர்ந்து வந்த இசை அது.

அண்ணன் முத்துஸ்வாமிக்குப் பிடித்துப்போனது அந்த மெட்டுகள். தம்பிக்குப் பிடித்துப்போனது அந்தக் கருவி. முதலியார் இதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு ஐரோப்பிய வயலின்காரரை ஏற்பாடு செய்து, பாலுஸ்வாமிக்கு 3 ஆண்டுகள் வயலின் சொல்லிக்கொடுக்க வைத்தார்.

இது 1800-ஐ ஒட்டிய காலம் என்பதை மறந்துவிடக் கூடாது. வேதமும் வீணையும் படித்த, ஸ்ரீவித்யா உபாசனையில் ஊறிய ஒரு குடும்பம். அந்த வீட்டின் கடைசிப் பையன் மிலேச்சர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவரிடம் உட்கார்ந்து பாடம் கற்றான். அப்பாவும் அண்ணனும் அதைத் தடுக்கவில்லை. இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத தைரியம் இதுதான்.

பாலுஸ்வாமி முதலில் கற்றது அந்த ஊர் முறையில்தான், அந்த ஊர்ச் சுருதியில்தான். பிறகுதான் அதே கருவியில் நம்ம ராகங்களை வாசிக்கும் வேலை தொடங்கியது.

கம்பியில் அப்படி என்ன மாறியது?

கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஏன்னா விஷயமே இங்கதான் இருக்கு.

மேற்கத்திய வயலினில் நாலு கம்பிகள். தடித்ததில் இருந்து மெல்லியது வரை ஜி, டி, ஏ, இ என்று சுருதி சேர்ப்பார்கள். ஒவ்வொரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் உள்ள இடைவெளி, நம்ம கணக்கில் சா-வில் இருந்து பா வரை உள்ள தூரம். மூன்று இடைவெளியும் ஒரே அளவு.

கர்நாடக முறையில் அதே நாலு கம்பிகள் சா, பா, சா, பா. முதல் ஜோடி கீழே, அடுத்த ஜோடி ஒரு ஸ்தாயி மேலே. சா-வில் இருந்து பா-வுக்கு அதே பழைய இடைவெளிதான். ஆனால் நடுவில், பா-வில் இருந்து மேல் சா-வுக்கு இடைவெளி குறைகிறது.

இதில் என்ன லாபம்? ஒரு உதாரணம். மேற்கத்திய சுருதியை மாற்றாமலே, டி கம்பியை சா என்று வைத்துக்கொண்டு வாசிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்போ ஏ கம்பி பா ஆகிவிடும். நல்லது. ஆனால் ஜி கம்பி சுத்த மத்தியமம் ஆகும், இ கம்பி சதுஸ்ருதி ரிஷபம் ஆகும். சங்கராபரணம் வாசிக்கிற வரைக்கும் பிரச்னை இல்லை. கல்யாணிக்குப் போனால்? அந்த ராகத்துக்கு பிரதி மத்தியமம் வேணும். விரல் வைக்காத ஜி கம்பியில் வில் லேசாகப் பட்டாலே ராகத்தில் இல்லாத ஸ்வரம் கேட்கும். முதல் பாடமான சரளி வரிசையே மாயாமாளவகௌளையில்தான். அதற்கு வேண்டியது சுத்த ரிஷபம். அங்கே இ கம்பி ஒத்துவராது.

நம்ம இசையில் எந்த ராகத்துக்குப் போனாலும் சா-வும் பா-வும் நின்ற இடத்தை விட்டு நகராது. ரி, க, ம, த, நி-தான் ராகத்துக்கு ராகம் இடம் மாறும். சில ராகங்களில் பா வராது என்பது தனிக்கதை. ஆக, விரல் வைக்காத கம்பிகள் சா-வும் பா-வுமாக இருந்தால் எந்த ராகத்திலும் அவை முதுகில் குத்தாது. பின்னால் ஒலிக்கும் தம்புராவின் சா-பா-வோடும் சேர்ந்துகொள்ளும். ஒரு சா-வை வாசிக்கும்போது மற்ற சா கம்பியும் தொடாமலே மெலிதாக அதிரும். கருவியே தம்புரா மாதிரி கூடவே பாடும்.

விரலுக்கும் வசதி. ச, ரி, க, ம நாலும் சா கம்பியில். ப, த, நி மூன்றும் பா கம்பியில். மேல் ஜோடிக் கம்பியில் கற்ற அதே விரல் கணக்கு, கீழ் ஜோடியில் ஒரு ஸ்தாயி கீழே அப்படியே பொருந்தும்.

நஷ்டமே இல்லையா? இருக்கு. மேற்கத்திய சுருதியில் கீழ்க்கம்பிக்கும் மேல்கம்பிக்கும் நடுவில் 21 அரைஸ்வரங்கள். சா-பா-சா-பா முறையில் 19 மட்டும்தான். எட்டும் தூரம் கொஞ்சம் சுருங்குகிறது. இன்னொன்று, பாடகர் சுருதி எதுவோ அதற்கு வயலின் போயாக வேண்டும். 5 கட்டையில் பாடும் பெண் பாடகி என்றால் சா என்பது ஜி. அப்போ கம்பிகள் ஜி-டி-ஜி-டி. தடித்த இரண்டு கம்பிகளும் ஏற்கெனவே அந்த இடத்தில்தான் இருக்கின்றன. மெல்லிய இரண்டை மட்டும் ஒரு முழு ஸ்வரம் தளர்த்தினால் போதும். சுருதி வேறு என்றால் நாலு கம்பியையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இந்த மாற்றத்தை பாலுஸ்வாமி என்ற ஒரே ஆள், ஒரே நாளில் செய்து முடித்தார் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவர் திறந்த கதவு வழியாக அடுத்தடுத்த தலைமுறைகள் வந்தன. ஆனால் பிற இசைக்காகச் செய்த கருவியை நம்ம ராகத்துக்குப் பணிய வைக்க முடியும் என்பதை முதலில் காட்டிய பெயர்களில் அவருடையது முன்னால் நிற்கிறது.

அமெரிக்க மலைக்கிராமத்திலும் இதே சுருதி

சா-பா-சா-பா நம்ம கண்டுபிடிப்பு மட்டும்தான் என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதி நாட்டுப்புற வயலின்காரர்கள் ஏ-இ-ஏ-இ என்றும் ஜி-டி-ஜி-டி என்றும் சுருதி சேர்ப்பார்கள். கம்பி இடைவெளியைக் கணக்குப் பார்த்தால் அச்சு அசலாக சா-பா-சா-பா. கர்நாடக சங்கீதத்தை அவர்கள் கேட்டதே இல்லை. ஒரே சுருதியில் நின்று, பக்கத்துக் கம்பியையும் சேர்த்து ரீங்கரிக்க விட்டு வாசிப்பது அவர்களுக்கும் பழக்கம். தேவை ஒன்றாக இருந்ததால் விடையும் ஒன்றாக வந்துவிட்டது.

17-ம் நூற்றாண்டிலேயே பீபர் என்ற இசையமைப்பாளர் சொனாட்டாவுக்கு சொனாட்டா வயலின் சுருதியை மாற்றி எழுதினார். ஜி-டி-ஏ-இ என்பது ஐரோப்பாவிலும் கல்லில் வெட்டிய சட்டமாக இருந்ததில்லை.

இதே சர்ச்சை பெடல் ஸ்டீல் கிட்டாரிலும் உண்டு. இரும்புத் துண்டைக் கம்பி மேல் நகர்த்தி, காலால் பெடல் மிதித்து வாசிக்கும் அந்த அமெரிக்கக் கருவியில் இ-9, சி-6 என்று இரண்டு முக்கியமான சுருதிகள். ஒன்று நாஷ்வில் பாட்டுக்கு, இன்னொன்று பழைய ஸ்விங் இசைக்கு. எதை விடுவது என்று முடிவு செய்ய முடியாமல் ஒரே கருவியில் இரண்டு கழுத்து வைத்து, இரண்டு சுருதியையும் வைத்துக்கொண்டார்கள். நம்ம ஊர் கோட்டுவாத்தியத்தின் தூரத்துச் சொந்தம் மாதிரியான கருவி என்பதால், இந்தச் சிக்கல் நமக்கும் புரியும்.

அண்ணன் என்ன செய்தார்?

தம்பி கருவியை மாற்றினார் என்றால் அண்ணன் மெட்டை எடுத்துக்கொண்டார். கோட்டையில் கேட்ட மேற்கத்திய மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சின்னச் சின்ன பாட்டுகள் அவைதான். சுமார் 40 இருக்கின்றன. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில்கூட அம்மன் மேல் ஒன்று உண்டு. எல்லாமே சங்கராபரண ஸ்வரங்களில் நடப்பவை. பழைய ஜி-டி-ஏ-இ சுருதியிலேயே உறுத்தாமல் வாசிக்கக்கூடியவையும் இவைதான்.

முத்துஸ்வாமி இளவயதில் சிதம்பரநாத யோகி என்ற குருவோடு காசிக்குப் போய் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவர். திரும்பிய பிறகு மணலியில் இருந்து திருத்தணிக்குப் போனார். அதுவும் இன்றைய திருவள்ளூர் மாவட்டம்தான். முருகன் மேல் அவர் பாடிய முதல் கிருதி பிறந்தது அங்கே. மும்மூர்த்திகளில் ஒருவரின் வாழ்க்கையில் இந்த மாவட்டத்துக்கு இருக்கும் இடம் உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது.

பிரிந்த சகோதரர்கள்

மணலி வாழ்க்கை நிலைக்கவில்லை. குடும்பம் திருவாரூருக்குத் திரும்பியது. 1817-ல் அப்பா ராமஸ்வாமி தீட்சிதர் காலமானார். அதன் பிறகு சகோதரர்கள் திசைக்கொருவராக ஆனார்கள். முத்துஸ்வாமி திருவாரூரில் தங்கினார். சின்னஸ்வாமியும் பாலுஸ்வாமியும் பிழைப்புத் தேடி மதுரைப் பக்கம் போனார்கள். சின்னஸ்வாமி அங்கேயே இறந்துபோனார்.

தனியாக நின்ற பாலுஸ்வாமியைக் காப்பாற்றியது எட்டயபுரம். அந்த ஜமீன் அவரை ஆஸ்தான வித்வானாக வைத்துக்கொண்டது. வெள்ளைக்காரக் கருவியில் தேர்ந்த ஒருவருக்கு, கம்பெனியின் மெட்ராஸில் இருந்து வெகுதூரத்தில் ஒரு கரிசல் காட்டு அரண்மனையில் வாழ்வு கிடைத்தது.

ஒரு தம்பி இறந்த செய்தி கேட்டு, இன்னொரு தம்பியைத் தேடி முத்துஸ்வாமி தீட்சிதர் கிளம்பினார். எட்டயபுரம் போகும் வழியில் வறண்டு கிடந்த பூமியைப் பார்த்து அமிர்தவர்ஷிணி ராகத்தில் அவர் பாடியதும் மழை கொட்டியதாகச் சொல்லும் கதை இந்தப் பயணத்தில் நடந்ததுதான். மழை வந்ததா என்பதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடலாம். கடைசித் தம்பியைப் பார்க்கத்தான் அந்த வழியில் நடந்தார் என்பது கதையைச் சொல்லும்போது விட்டுப்போகிற பகுதி.

1835 தீபாவளி நாளில் முத்துஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரத்திலேயே உயிர்விட்டார். அவருடைய சமாதி இன்றும் அங்கே இருக்கிறது. பாலுஸ்வாமி அதற்குப் பிறகும் 23 ஆண்டுகள் வாழ்ந்து 1858-ல் காலமானார்.

பேரன் எழுதிய சாட்சி

பாலுஸ்வாமி எப்படி வாசித்தார் என்பதை யாரும் கேட்க முடியாது. எடிசன் ஒலியைப் பதிவு செய்தது 1877-ல்தான். அப்படியானால் இந்தக் கதையெல்லாம் எப்படித் தெரியும்?

பாலுஸ்வாமிக்கு ஆண் வாரிசு இல்லாததால் மகள் வயிற்றுப் பேரனையே தத்தெடுத்துக்கொண்டார். அவர்தான் சுப்பராம தீட்சிதர். தாத்தா இறந்தபோது அவருக்கு வயது 19. தாத்தாவிடமே பாடம் கேட்டவர். 1904-ல் அவர் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’தான் தீட்சிதர் கிருதிகளுக்கு இன்றுவரை ஆதார நூல். அதில்தான் குடும்பத்தின் வரலாறும், மணலியில் நடந்த வயலின் பாடமும் பதிவாகியிருக்கின்றன. தாத்தாவைப் பற்றிப் பேரன் எழுதியது என்பதால் பாசம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ஆனாலும் நேரில் இருந்தவரின் சாட்சி அது.

வயலினை முதலில் கொண்டுவந்தவர் என்ற பட்டத்துக்கு வேறு பெயர்களும் உண்டு. தஞ்சை அரண்மனையைச் சேர்ந்த வராகப்பய்யர் ஒருவர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இன்னொருவர். வடிவேலுவின் வாசிப்பில் மயங்கி 1834-ல் திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். ஆனால் வடிவேலுவும் அவருடைய சகோதரர்களும் முத்துஸ்வாமி தீட்சிதரின் சிஷ்யர்கள். சுற்றிச் சுற்றி மணலிக் குடும்பத்திடமே வந்து நிற்கிறது.

அடுத்த நூறு ஆண்டுகளில் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, துவாரம் வெங்கடசாமி நாயுடு என்று பெரிய வரிசையே உருவாகிவிட்டது. மைக் பரவலாகாத காலத்தில் பாடகரின் குரலுக்கு ஈடாக ஒலி வேண்டும் என்று மைசூர் சௌடையா 7 கம்பி வயலின் செய்தார். கம்பி கூடினாலும் சா-பா அடிப்படை போகவில்லை.

சரி, பழைய சுருதி இன்னும் தேவையா?

கர்நாடகக் கச்சேரிக்கு மட்டும் என்றால், தேவையில்லை. 200 ஆண்டு அனுபவம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆனால் சினிமா ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்குள் போனால் கதை வேறு. ஒரே நாளில் மூன்று பாட்டு, மூன்றும் வேறு வேறு ஸ்கேல். ஒரு பாட்டுக்குள்ளேயே சரணத்தில் ஸ்கேல் மாறும். பத்து இருபது வயலின்காரர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் கம்பியை முறுக்கிக்கொண்டிருக்க முடியாது. அங்கே எல்லோருக்கும் பொதுவாக ஒரே சுருதி, எதிரில் நொட்டேஷன். ஆதாரமான சா என்று ஒன்று நிற்காத இசைக்கு, எந்தப் பக்கமும் சாயாத ஜி-டி-ஏ-இதான் சரி. தியாகராஜரையும் பாக்கையும் ஒரே இசைத்தட்டில் சந்திக்க வைத்த இளையராஜாவின் 1986 ‘ஹவ் டு நேம் இட்’ போன்ற முயற்சிகளைத் தாங்கியதும் இந்த இரண்டு மரபிலும் கை பழகிய வயலின்காரர்கள்தான்.

சிக்கல் வருவது வீட்டில். லண்டன் டிரினிட்டி கிரேடு தேர்வுக்குப் பிள்ளையைத் தயார் செய்யும் பெற்றோர், கூடவே கர்நாடக வகுப்புக்கும் அனுப்புகிறார்கள். ஒரே வயலினில் காலையில் ஜி-டி-ஏ-இ, மாலையில் சா-பா-சா-பா என்று மாற்றிக்கொண்டே இருந்தால் கம்பி சீக்கிரம் தளரும், அறுந்தும் போகும். மெல்லிய கம்பிதான் முதலில் போகும். குதிரை சாய்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய குழப்பம் பிள்ளையின் காதுக்கு. ஒரே விரல், ஒரே இடம், ஆனால் வருவது வேறு ஸ்வரம். வசதி இருப்பவர்கள் இரண்டு வயலின் வாங்கிவிடுகிறார்கள். இல்லாதவர்கள், ஒரு முறை கையில் படியும் வரை இன்னொன்றைத் தள்ளிப்போடுவதே நல்லது. எதை முதலில் என்றால், பிள்ளைக்கு எந்த இசை காதில் விழுந்து வளர்கிறதோ அதை. பாலுஸ்வாமிகூட பிறந்ததில் இருந்து ராகத்தைக் கேட்டு வளர்ந்த பிறகுதான் வெள்ளைக்காரச் சுருதியில் 3 ஆண்டு உட்கார்ந்தார்.

இன்றும் கடையில் வாங்கும் கம்பி பாக்கெட்டின் மேல் ஜி, டி, ஏ, இ என்றுதான் அச்சிட்டிருக்கும். அதை வாங்கிக்கொண்டு கர்நாடக வகுப்புக்குப் போகும் பிள்ளையிடம், அந்த இ கம்பியின் பெயர் இங்கே பா என்று சொல்லிவிட்டு, சுருதிப் பெட்டியைப் போட்டு, ஆசிரியர் முதலில் செய்வது பிரடையைத் தளர்த்துவதைத்தான்.